ஓ.எல். முடிந்தால் கொழும்புக் கடை மட்டும்தானா?

 

சாதாரண தரப் பெறுபேறு வந்த ஒரு கிழமைக்குள் ஹட்டன் பஸ் நிலையத்தில் நாம் எல்லோரும் பார்க்கும் காட்சிதான். ஒரு பேக், பக்கத்தில் அம்மா, கொழும்பு பஸ். உயர்தரம் படிக்கத் தேவையான ஆறு சித்தியும் மூன்று திறமைச் சித்தியும் கிடைக்காத பிள்ளை புறக்கோட்டையில் ஏதாவதொரு கடைக்குப் போகிறான். பஜார் பிள்ளையும் அப்படித்தான், தோட்டத்துப் பிள்ளையும் அப்படித்தான். ஆசிரியர்களான நாமோ ஒன்பது ஏ எடுத்தவர்களுக்கு பேனர் அடித்துவிட்டு மற்றவர்களை மறந்துவிடுகிறோம். இது எங்கள் தவறு. ஒளிக்க ஒன்றுமில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போன எத்தனையோ குடும்பங்கள் இன்று நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் இருக்கின்றன. அங்கும் தேயிலை, அங்கும் குளிர், அங்கும் கொழுந்துதான். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு அங்கே ஐ.டி.ஐ. என்றொரு வாசல் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் எலக்ட்ரிஷியன் அல்லது ஃபிட்டர் படித்தால், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். டிப்ளோமா முடித்தால் பொறியியல் கல்லூரியிலும் நேராக இரண்டாம் வருடம். அரசாங்கப் பாடசாலையில் படித்த பெண் பிள்ளை மேலே படித்தால், அது ஐ.டி.ஐ. ஆக இருந்தாலும், 2022 முதல் மாதம் 1000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே போகிறது. 2024இல் ஆண் பிள்ளைகளுக்கும் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. படித்தவனை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் அங்கும் உண்டு.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லையா? கடதாசியில் பார்த்தால் நம்முடையது இன்னும் ஒழுங்கானது. என்.வி.கியூ. ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு என்றால் பட்டம். அதற்கென்றே 2008இல் சட்டம் போட்டு இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமும் அமைத்தார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரிகள் என்று வாசல்கள் பல. ஹட்டனிலேயே தொண்டமான் பெயரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது.

பிறகு எங்கே தட்டுகிறது? மொழியில். நீலகிரிப் பிள்ளை வயரிங்கைத் தமிழிலேயே கேட்டுப் படிக்கலாம். நம் பிள்ளை மேல் மட்டங்களுக்குப் போகப் போக சிங்களமோ ஆங்கிலமோ வேண்டும், ஊரையும் விட்டுப் போக வேண்டும். விடுதி இல்லையென்றால் பெண் பிள்ளையை எந்த வாப்பா அனுப்புவார்? தோட்டத்து அப்பாவும் அனுப்பமாட்டார். சில வருடங்களுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்தி ஒரு பாடநெறிக்குத் தெரிவாகிப் போனாள். மூன்றாம் கிழமை திரும்பி வந்துவிட்டாள். “சேர், தையல் விளங்குது, பேசுறது விளங்கல்ல” என்றாள். தமிழ் பேசும் ஒரு போதனாசிரியர் இருந்திருந்தால் அவள் இன்று சான்றிதழோடு இருந்திருப்பாள். எங்கள் அரசியல்வாதிகள் கட்டடம் கேட்பதைப் போல போதனாசிரியரைக் கேட்பதில்லை. கட்டடத்துக்குத்தானே பெயர்ப்பலகை வைக்கலாம்!

இன்னொன்று, இது பெரியவர்களுக்கு. பதினைந்து வருடமாக மேசன் பாஸாக, மெக்கானிக்காக, சமையற்காரராக இருக்கும் நானாமார், அண்ணன்மார் பலரிடம் ஒரு துண்டுச் சான்றிதழும் இல்லை. வகுப்புக்கே போகாமல், செய்யும் வேலையைக் காட்டி மதிப்பீட்டாளர் முன் நிரூபித்து என்.வி.கியூ. எடுக்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். கட்டார், சவூதி போக நினைப்பவர்கள் ஏஜென்சிக்குக் காசு கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சான்றிதழ் இல்லாத பாஸ் அங்கே லேபர்தான்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு மத்ரசா மண்டபத்தில் இருப்போம். பெறுபேற்றுத் தாளையும் அடையாள அட்டையையும் கொண்டு வாருங்கள், சிங்களப் படிவமாக இருந்தாலும் நாங்களே நிரப்பித் தருகிறோம். தோட்டத்துப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கோயில் கமிட்டித் தலைவரிடமும் பேசிவிட்டோம்.