ஏழு நாளில் ஆறு தீவா? ஆளை விடுங்க சாமி!

மக்களே, கோடை விடுமுறைக்குக் கிரேக்கத் தீவுகளைக் கப்பலில் சுற்றப்போறேன்னு எக்செல்லில் பிளான் போடும் நண்பர்களுக்குத்தான் இது. ஏழு நாள், ஆறு தீவு. ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்கி ஏற அதென்ன டவுன் பஸ்ஸா?

ஜூலை, ஆகஸ்ட்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்டெமி'ன்னு ஒரு காற்று அடிக்கும். வானம் பளிச்சுன்னு இருக்கும், பொட்டு மழை கிடையாது. ஆனா கப்பல் கிளம்பாது. முதலில் நிற்பது அதிவேகப் படகுகள்தான். பெரிய கப்பல் கொஞ்சம் தாங்கும். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நாக்ஸோஸுக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே! மேல்தளத்தில் காத்து வாங்கிக்கிட்டே போறதுதானே பாதி சுகம்?

அடியேனும் காலையில் தீவு, சாயங்காலம் ஏதென்ஸில் விமானம்னு புத்திசாலித்தனமா போட்டவன்தான். காத்து அடிச்சுது. விமானம் போச்சு. புது டிக்கெட்டில் சேமிப்பும் போச்சு. தங்கமணி மூணு நாள் பேசலை (அது ஒரு வகையில்... சரி, வேண்டாம்).

ரெண்டு தீவு போதும்ங்க. பக்கத்துப் பக்கத்துல இருக்கற பாரோஸும் நாக்ஸோஸும். கடைசி ராத்திரி கண்டிப்பா ஏதென்ஸ்ல. சாண்டோரினி பார்க்கலைன்னா மானம் போயிடும்கறவங்க தாராளமா போங்க. அங்க விமான நிலையமே இருக்கு!