கையெழுத்துக்கு மட்டும் மனைவியா?

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாரோவில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தின் வரவேற்பறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி. என்னை உள்ளே விடவில்லை. "நீங்க வெளியே இருங்க" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு கதவைச் சாத்திவிட்டார். ஒரு கையெழுத்துக்கு எதுக்கு இவ்வளவு நேரம் என்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மதியம் ஒரு வாடிக்கையாளருக்கு டெமோ வேறு இருந்தது.

விஷயம் இதுதான். நான் நடத்தும் சிறிய சாஃப்ட்வேர் கம்பெனிக்கு 85,000 பவுண்ட் கடன் கேட்டிருந்தோம். வங்கி எங்கள் வீட்டை ஈடாகக் கேட்டது. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. ஆகவே மனைவியின் கையெழுத்து வேண்டும். அதற்கு முன் அவர் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற்றாக வேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. எனக்கு அது வெறும் சம்பிரதாயமாகத்தான் பட்டது.

வெளியே வந்தவர் காரில் ஏறும் வரை எதுவும் பேசவில்லை. சீட் பெல்ட் போட்டபிறகு சொன்னார்: "அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இந்தக் கம்பெனியில உங்களுக்கு எவ்வளவு பங்குன்னு. எனக்கு பதில் தெரியல. ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். சரிதானே?"

சரிதான். நூறு சதவீதமும் என் பெயரில்தான் இருந்தது.

இதில் எந்தச் சதியும் இல்லை. 2016ல் வேலை விசாவில் லண்டன் வந்தோம். 2021ல் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அதுவரை சொந்தத் தொழில் என்ற பேச்சுக்கே இடமில்லை, விசா அப்படி. கையில் அது வந்ததும் 2022ல் வேலையை விட்டேன். சின்னக் கடைகளுக்கான ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர். கம்பனீஸ் ஹவுஸில் ஆன்லைனில் பதிவு செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பங்குதாரர்கள் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் போட்டேன். யோசித்துப் போடவில்லை. யோசிக்கவே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அன்றிலிருந்து வீட்டு மார்ட்கேஜ், கவுன்சில் டாக்ஸ், குழந்தையின் ஆஃப்டர்ஸ்கூல் கிளப் எல்லாம் மனைவியின் சம்பளத்தில்தான். அவர் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் இன்வாய்ஸ்களை அவர்தான் அனுப்புவார். கோபமான வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் அவர்தான், ஏனென்றால் எனக்கு அவர்களைவிட அதிகமாகக் கோபம் வரும். ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால் முதல் முதலீட்டாளர், முதல் கணக்காளர், முதல் கஸ்டமர் சப்போர்ட், மூன்றும் ஒரே ஆள். ஒரு பங்குகூட இல்லாத ஆள். என் ஏழு வயது மகள் பள்ளியில் அழகாகச் சொல்லியிருக்கிறாள்: "அம்மா வேலைக்குப் போறாங்க. அப்பா வேலைக்குப் போகல, அப்பாக்கு கம்பெனி இருக்கு."

அந்த நாற்பது நிமிடம் வங்கி எனக்காக ஏற்பாடு செய்ததல்ல. அதற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2001ல் பிரபுக்கள் சபை எட்ரிட்ஜ் வழக்கில் சொன்னது அது. கணவனின் தொழில் கடனுக்காகத் தங்கள் வீட்டை ஈடு வைத்துக் கையெழுத்துப் போட்ட மனைவிகளின் பல வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. கணவனின் கடனுக்கு மனைவி பொறுப்பேற்கிறார் என்றாலே வங்கி உஷாராக வேண்டும், ஒரு வழக்கறிஞர் நேரில், கணவன் இல்லாத இடத்தில், அதன் விளைவுகளை அவருக்கு விளக்கியிருக்க வேண்டும் என்று நீதிபதிகள் வகுத்தார்கள். அப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். சமையலறை மேசையில் "இதுல ஒரு சைன் போடும்மா" என்று நீட்டிய காகிதங்கள் எத்தனை இருந்திருக்க வேண்டும்! அந்தக் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்கள் இல்லை. ஆனால் அந்த மேசை எனக்குப் பழக்கமான மேசைதான்.

தொழில், திருமணம், குடும்பம், சொந்த வளர்ச்சி எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது என்று வாரம் ஒரு வெபினார் நடக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்திரு, கேலண்டரில் குடும்ப நேரத்தைக் குறித்து வை, மாதம் ஒரு டேட் நைட் போ. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. நேரம் போதாமல் முறியும் குடும்பங்களைவிட கணக்கு தெளிவில்லாமல் முறியும் குடும்பங்கள்தான் அதிகம் என்பது நான் பார்த்த வரையில் என் எண்ணம். யார் உழைக்கிறார், யார் ரிஸ்க் எடுக்கிறார், யார் பெயர் காகிதத்தில் இருக்கிறது, இந்த மூன்றும் ஒத்துப்போகாத வீட்டில் கேலண்டர் என்ன செய்யும்?

எங்களிடம் பகுதிநேரமாக வேலை பார்க்கும் ஒரு தம்பி ஹாரோவிலேயே பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள், நீண்ட காலம் ஒரு சின்னக் கடை நடத்தியவர்கள். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது சிரிக்காமல் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணா, எங்கட கடை கிறிஸ்மஸ் அண்டு மட்டும்தான் பூட்டு. அம்மா 23 வருசம் அந்தக் கடையில நிண்டவ. அவவின்ர பேர் ஒரு பேப்பரிலயும் இல்லை."

கடை அப்பாவின் பெயரில். அம்மாவுக்குச் சம்பளம் என்று எதுவும் எழுதப்படவில்லை, "வீட்டுக் காசுதானே". இப்போது அம்மாவுக்கு ஓய்வூதிய வயது நெருங்குகிறது. இங்கே புதிய அரசு ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க 35 ஆண்டு தேசியக் காப்பீட்டுப் பதிவு வேண்டும். 10 ஆண்டுக்குக் குறைந்தால் பொதுவாக ஒன்றுமே இல்லை. மகன் இணையத்தில் அம்மாவின் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார். அதில் இருந்தவை பெரும்பாலும் சைல்ட் பெனிஃபிட் வாங்கியதால் தானாக வந்து சேர்ந்த ஆண்டுகள். அரசாங்கத்தின் கணக்கில் அவர் ஒரு தாய். கல்லாவில் நின்ற 23 வருடம் எங்கும் இல்லை.

இத்தனைக்கும் அதைச் சரிசெய்ய பெரிய செலவு ஆகியிருக்காது. மனைவியைச் சம்பளப் பட்டியலில் சேர்த்து, குறைந்தபட்ச வருமான வரம்புக்கு மேல் ஒரு சம்பளம் எழுதினாலே அந்த ஆண்டு அவர் பெயரில் பதிவாகிவிடும். 2025-26க்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 6,500 பவுண்ட். 12,570 பவுண்ட் வரை ஊழியர் தரப்பில் காப்பீட்டுத் தொகை எதுவும் பிடிக்கப்படாது. முதலாளி பங்கு மட்டும் 5,000க்கு மேல் 15 சதவீதம் வரும், சின்ன நிறுவனங்களுக்கு அதிலும் சலுகை உண்டு. கடை வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வாரமே அக்கவுண்டன்டிடம் இதைக் கேளுங்கள். அக்கவுண்டன்டும் நம்ம ஆள்தான் என்றால் இரண்டு முறை கேளுங்கள். "அக்காவுக்கு எதுக்குத் தம்பி சம்பளம்?" என்று முதல் முறை சிரிப்பார்.

பெரிய கம்பெனிகளிலும் இந்தக் கதைதான். இன்ஃபோசிஸ் 1981ல் தொடங்கியபோது நாராயண மூர்த்தியின் கையில் இருந்தது மனைவி சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாய். அவரும் பொறியாளர்தான். ஆனால் இருவரில் ஒருவர்தான் கம்பெனியில் இருக்கலாம் என்று முடிவானது, ஒதுங்கியவர் அவர். அது சரியான முடிவல்ல என்று மூர்த்தியே பின்னாளில் பேட்டியில் சொன்னார். நாமெல்லாம் அந்த 10,000 ரூபாய்க் கதையை எத்தனை முறை ஃபார்வர்ட் செய்திருக்கிறோம்! தியாகம் என்று கைதட்டினோம். அவருடைய தொழில் கனவு என்னவாக இருந்தது என்று கேட்கவில்லை.

சேர்ந்து நடத்தினால் மட்டும் எல்லாம் சுபமா என்றால் அதுவும் இல்லை. நெட்வொர்க் படித்தவர்களுக்கு சிஸ்கோ தெரியும். 1984ல் சாண்டி லெர்னர், லென் போசாக் என்ற தம்பதி தொடங்கியது. முதலீட்டாளர்கள் வந்தார்கள், வெளியிலிருந்து தலைமை அதிகாரி வந்தார். 1990ல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் லெர்னர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். கணவரும் கூடவே வெளியேறினார். திருமணமும் பிறகு நிலைக்கவில்லை. ஒரே கூரை, ஒரே சம்பளம், ஒரே கம்பெனி என்று இருந்தால் ஒரு கதவு சாத்தும்போது இருவரும் வெளியில் நிற்க வேண்டியதுதான். வெளியே வேலை பார்த்துச் சம்பளம் கொண்டு வரும் துணையை "அவங்க பிசினஸ்ல இல்ல" என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிசினஸ் நிற்பதே அந்தச் சம்பளத்தின் மேல்தான்.

வீட்டில் பேச்சை எடுத்தபோது ஊரிலிருந்து போனில் வந்த முதல் எதிர்ப்பு: "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னடா பேப்பர்?" மதுரைப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. தாய்மாமன் 501 ரூபாய் மொய் வைத்தால் மைக்கில் சொல்லி, நோட்டில் எழுதி, அந்த நோட்டை இருபது வருடம் பீரோவில் பூட்டி வைக்கும் ஜனம். யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது நமக்கு நன்றாகவே எழுதத் தெரியும். வீட்டுக்காரி செய்ததை எழுதத்தான் நோட்டு இல்லை.

இன்னொரு எதிர்ப்பு டாக்ஸ் பற்றியது. மனைவிக்குப் பங்கு கொடுத்தால் வரித்துறை சும்மா விடாது என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். அந்தச் சண்டை ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது. நம்மைப் போன்ற ஒரு ஐடி கன்சல்டன்டும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பங்கு வைத்து நடத்திய ஆர்க்டிக் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி. மனைவி வாரத்தில் சில மணி நேரம் நிர்வாக வேலை பார்த்தார். அவருக்குப் போன ஈவுத்தொகையும் கணவனின் வருமானம்தான் என்றது வரித்துறை. 2007ல் பிரபுக்கள் சபை தம்பதி பக்கம் தீர்ப்பளித்தது. கொடுப்பது பெயரளவுப் பங்காக இல்லாமல் முழு உரிமையுள்ள சாதாரணப் பங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2000ல் வந்த வைட் வழக்கு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சாமர்செட்டில் பண்ணை நடத்திய ஒரு தம்பதியின் விவாகரத்து அது. சம்பாதித்தவர், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது, சமபங்கு என்ற அளவுகோலை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதாவது இந்த நாட்டில் மனைவியின் உழைப்புக்கு நீதிமன்றம் கணக்கு வைத்திருக்கிறது, பிரியும்போது. சேர்ந்து வாழும்போது அதே கணக்கை எழுத நமக்கு என்ன தடை?

எங்கள் வீட்டில் அந்த வாரம் அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் இரண்டு நாள் உம்மென்று இருந்தேன், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வங்கி கொடுத்த கெடு தாண்டிப்போனது. மூன்றாவது நாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "எனக்குப் பாதி வேண்டாங்க, 40 போதும். கோட் எழுதினது நீங்கதான். ஆனா வீட்டை ஈடு வைக்கிற முடிவுல எனக்கு சரிபாதி வேணும்."

அப்படியே எழுதிக்கொண்டோம். 60-40 பங்கு, இருவரும் இயக்குநர்கள். வீட்டைத் தொடும் எந்தக் கடனுக்கும் இருவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கடைசியில் வீட்டைத் தொடாமல் 30,000 பவுண்டுக்குக் கடன் வாங்கினோம். அதனால் இழப்பு இல்லாமல் இல்லை. எட்டுக் கடைகள் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரை எடுக்க ஆள் போதாமல் விட்டுவிட்டோம். அந்தப் பெயரைக் கேட்டால் இப்போதும் எனக்கு வயிறு எரியும். அவருக்கு எரிவதில்லை.

கம்பெனிக் கணக்கு இல்லாத இன்னொரு கணக்கும் அந்த இரவில் வெளியே வந்தது. பகுதிநேர எம்.எஸ்சி. படிக்க அவர் இரண்டு முறை இடம் வாங்கி, இரண்டு முறையும் தள்ளிப்போட்டிருக்கிறார். முதல் முறை எனக்குத் தெரியும். இரண்டாவது முறை நான் வேலையை விட்ட மாதம், என்னிடம் சொல்லவேயில்லை. "சொல்லி என்ன, நீங்க டென்ஷன்ல இருந்தீங்க." அதற்கு எத்தனை சதவீதம் பங்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரத் தம்பியின் வீட்டில் விடுபட்ட காப்பீட்டு ஆண்டுகளைப் பணம் கட்டி நிரப்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுவாக ஆறு ஆண்டுகள் வரைதான் பின்னோக்கிப் போக முடியும். அதற்கு முந்தைய வருடங்கள் போனது போனதுதான். அம்மா வேண்டாம் என்கிறாராம், அந்தக் காசைத் தங்கச்சி கல்யாணத்துக்கு வைக்கச் சொல்கிறாராம். மகன் விடுவதாக இல்லை.

எங்கள் வீட்டில் வகுப்பு செப்டம்பரில் தொடங்குகிறது, புதன்கிழமைகளில். அன்று மூன்று மணிக்கு மேல் நான் யாருக்கும் டெமோ கொடுப்பதில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போயாயிற்று. அனுப்பியவர் அவரில்லை, நான்.