தோத்துட்டு வா, அப்புறம் ஊசி தர்றேன்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். மாணவன். இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மருந்தையும் ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். எனக்குத் தெரிந்தது வரவு செலவுக் கணக்கு மட்டும்தான். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ஊசி மருந்தைப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான்.

ஒற்றைத் தலைவலி என்று சொன்னால் "ஒரு காபி குடிச்சிட்டுப் படு, சரியாயிடும்" என்று சொல்லாத ஆள் நம்மில் குறைவு. மைக்ரேன் அந்தக் கணக்கில் வராதுங்க. ஒரு தடவை வந்தால் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை ஆளைப் போட்டுப் பார்த்துவிடும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குமட்டல் வேறு. உலகத்தில் 100 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது. அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். வலி வந்தபிறகு போடுகிற மாத்திரை ஒரு வகை. அடிக்கடி வருகிறவர்களுக்கு, வராமலே தடுக்கிற மருந்து இன்னொரு வகை. நான் பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

இந்தத் தடுப்பு மருந்துகளில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய மாத்திரைகள் பெரும்பாலும் வேறு நோயிடம் வாங்கிய கைமாத்து! ப்ரோப்ரனலால் இருதயத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வந்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது. டோபிரமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்பு நோய்க்கு வந்தவை. தற்செயலாக மைக்ரேனும் குறைகிறதே என்று இங்கே கொண்டுவந்தார்கள்.

மாதம் ஒரு ஊசியின் கதை வேறு. சி.ஜி.ஆர்.பி. என்று ஒரு பொருள் நம் நரம்புகளில் சுரக்கிறது. 1982ல் கண்டுபிடித்தார்கள். மைக்ரேன் வரும்போது தலையிலிருந்து இறங்கும் ரத்தத்தில் இது கூடுகிறது என்று லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி என்ற இருவர் 1990ல் காட்டினார்கள். இவர்களுக்கும் இன்னும் இருவருக்கும் சேர்த்து 2021ல் மூளை ஆராய்ச்சிக்கான 'பிரெய்ன் ப்ரைஸ்' கிடைத்தது. அப்படியானால் அந்தப் பொருளைத் தடுத்தால் என்ன? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் எரெனுமாப், கடைப் பெயர் எய்மோவிக். 2018 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே செப்டம்பரில் அஜோவியும் எம்காலிட்டியும் வந்துவிட்டன.

பேனா மாதிரி ஒரு கருவி. ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்து, தொடையிலோ வயிற்றிலோ வைத்து அழுத்தினால் முடிந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், நர்ஸ் வேண்டாம், தினமும் மாத்திரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். மலச்சிக்கல், ரத்த அழுத்தம் ஏறுவது, ஊசி போட்ட இடத்தில் வலி என்று இதற்கும் பக்க விளைவுகள் உண்டு. அமிர்தம் என்று நான் சொல்லவில்லை.

சரி, நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். விலை!

2018ல் எய்மோவிக்கின் அறிவிப்பு விலை மாதம் 575 டாலர், வருஷத்துக்கு 6,900. அடுத்து வந்த அஜோவி என்ன விலை? மாதம் 575. மூன்றாவதாக வந்த எம்காலிட்டி? அதுவும் 575! மூன்று கம்பெனி, மூன்று மருந்து, ஒரே விலை. போட்டி வந்தால் விலை இறங்கும் என்று முதல் வருஷத்தில் மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அது இங்கே எங்கே போச்சு?

போட்டி இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இன்சூரன்ஸுக்காக மருந்துப் பட்டியல் போட்டுத்தருகிற இடைத்தரகர் கம்பெனிகள் உண்டு. "உன் மருந்தைப் பட்டியலில் மேலே வைக்கிறேன், எனக்கு எவ்வளவு கழிவு தருவாய்?" என்று பேரம் அங்கே நடக்கிறது. கழிவு ரகசியம், அறிவிப்பு விலை மட்டும் ஊருக்குத் தெரியும். இன்சூரன்ஸ் இல்லாதவரும், வருஷ ஆரம்பத்தில் கைக்காசு போட்டே ஆகவேண்டியவரும் அந்த முழு விலையைத்தான் பார்க்கிறார்கள்.

விலை இப்படி இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி சும்மா கொடுக்குமா? அதற்குத்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முதலில் பழைய மாத்திரை ஒன்றோ இரண்டோ சாப்பிட வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு மாதமாவது சாப்பிட்டு, பலன் இல்லை, அல்லது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். அப்புறம்தான் ஊசி. அதாவது தோத்துட்டு வா!

என் பெரியம்மா பொண்ணு டெக்சாஸில் வேலை பார்க்கிறாள். மாதம் எட்டு ஒன்பது நாள் மைக்ரேன். அவளுடைய இன்சூரன்ஸ் கேட்டது இரண்டு தோல்வி. முதல் மாத்திரை டோபிரமேட். அதில் விரல் நுனி மரத்துப்போகும், பேசும்போது வார்த்தை சிக்காது. இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்த பக்க விளைவுகள்தான். "மீட்டிங்ல கீபோர்டுங்கற வார்த்தை வரலைடா தம்பி. விரலை ஆட்டி ஆட்டிக் காட்டறேன், எல்லாரும் என்னையே பார்க்கறாங்க" என்றாள். அடுத்தது ப்ரோப்ரனலால். மாடிப்படி ஏறினாலே அசதி, தலைவலி மட்டும் குறையவில்லை. ஊசி கைக்கு வந்தபோது ஆறு மாதம் போயிருந்தது. மாதம் எட்டு நாள் என்று வைத்தால் 48 நாள். அந்த 48 நாளை எந்த லெட்ஜரில் எழுதுவது?

என் வாதமே இங்கேதான். இன்சூரன்ஸ் கம்பெனியின் புத்தகத்தில் ஊசி செலவு வருகிறது. அக்காவின் லீவு வரவில்லை, அவள் இழந்த பிரமோஷன் வரவில்லை, இருட்டு அறையில் அவள் படுத்திருக்க, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிய பக்கத்து வீட்டு அம்மாவின் நேரம் வரவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு "மிச்சம்" என்று காட்டினால் நம் அக்கவுண்ட்ஸ் சார் பேப்பரைத் தூக்கி மூஞ்சியில் எறிவார் :-)

"அப்படின்னா எல்லோருக்கும் ஊசி கொடுத்துடலாமா? பிரீமியம் ஏறாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஊசியின் பலனையும் பொய் சொல்லாமல் பார்ப்போம். 2017ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த எரெனுமாப் ஆய்வில், சராசரியாக மாதம் 8 நாள் மைக்ரேன் உள்ளவர்கள் கலந்துகொண்டார்கள். பெரிய டோஸ் போட்டவர்களுக்கு 3.7 நாள் குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கே 1.8 நாள் குறைந்தது. வித்தியாசம் இரண்டு நாள்கூட இல்லை. 575 டாலரை அதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 300 டாலர்! பார்த்ததும் எனக்கே தலைவலி வந்தது.

ஆனால் சராசரி என்பது ஒரு மோசடிக்காரன். அதே ஆய்வில், பெரிய டோஸ் போட்டவர்களில் சரிபாதிப் பேருக்கு வலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தன. மீதிப் பேருக்கு அந்த அளவு பலன் இல்லை. யாருக்குப் பலிக்கும் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆக, பலிக்காதவருக்கு எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் பணமே இருக்கிறது.

கணக்குப் போடுவோம். 100 பேர், 2018 விலை. எல்லோருக்கும் ஒரு வருஷம் கொடுத்தால் 6,90,000 டாலர். அதற்குப் பதில் எல்லோருக்கும் மூன்று மாதம் கொடுக்கிறோம்: 1,72,500. பலிக்காத 50 பேருக்கு நிறுத்திவிட்டு, மீதி 50 பேருக்கு ஒன்பது மாதம் தொடர்கிறோம்: 2,58,750. மொத்தம் 4,31,250. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம், யாரையும் ஆறு மாதம் படுக்கவைக்காமலே!

இது என் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் எந்த மருந்துக்கு அரசுப் பணம் செலவழிக்கலாம் என்று சொல்கிற நைஸ் அமைப்பு, 2021ல் எரெனுமாப்பை ஏற்றுக்கொண்டபோது இந்த நிறுத்தும் விதியைத்தான் போட்டது. 12 வாரம் பார், மாதத்தில் 15 நாளுக்குக் குறைவாகத் தலைவலி உள்ளவருக்கு மைக்ரேன் பாதியாகக் குறையவில்லையா, நிறுத்து. நாள்பட்ட மைக்ரேன் என்றால் 30 சதவீதம் குறைந்தால் போதும். கம்பெனியிடம் ரகசியத் தள்ளுபடியும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அங்கேயும் ஒரு வில்லங்கம்: நுழைவதற்கு மூன்று மாத்திரையில் தோற்றிருக்க வேண்டும்! வாசலிலும் பூட்டு, கொல்லைப்புறத்திலும் பூட்டு. நான் கேட்பது, கொல்லைப்புறப் பூட்டு போதும், வாசலைத் திறந்து வையுங்கள் என்பதுதான்.

பழைய மாத்திரைகளை நான் இழிவாகப் பேசவில்லை. விலை குறைவு, பலருக்கு நன்றாகவே கேட்கிறது. அது கேட்டவர் அதிலேயே இருக்கட்டும். ஆனால் சாப்பிட முடியாத மருந்து எவ்வளவு மலிவாக இருந்து என்ன? 2021ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் எரெனுமாப்பையும் டோபிரமேட்டையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பக்க விளைவு தாங்காமல் டோபிரமேட்டை விட்டவர்கள் 38.9 சதவீதம். எரெனுமாப்பில் 10.6. ஆய்வை நடத்தியது ஊசி விற்கிற நோவார்ட்டிஸ்தான், அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். பாதி தள்ளிப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது.

2024ல் அமெரிக்கத் தலைவலி மருத்துவர்களின் சங்கமே சொல்லிவிட்டது: இந்த வகை மருந்துகளை முதல் வரிசையிலேயே கொடுக்கலாம், மற்றதில் தோற்க வேண்டிய அவசியம் இல்லை என்று. டாக்டர்கள் மாறிவிட்டார்கள், பல இன்சூரன்ஸ் விதிகள் இன்னும் மாறவில்லை.

விலை இறங்கவேண்டும், கழிவு ரகசியம் ஒழியவேண்டும். இதெல்லாம் நடக்க நாளாகும். நிறுத்தும் விதியை வைத்துக்கொண்டு நுழைவு விதியை எடுக்க ஒரு சுற்றறிக்கை போதும். நோயாளியிடம் "நீ எத்தனை தடவை தோத்தே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, மருந்தைப் பார்த்து "நீ ஜெயிச்சியா?" என்று கேளுங்கள். காசு வாங்குவது மருந்துதானே, பரீட்சையையும் அதுவே எழுதட்டும்.

காஸ்டிங் படிக்கிற மக்கா, என் கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்க. மைக்ரேன் இருக்கிறவங்க, உங்க 48 நாளை நீங்க எந்தத் தலைப்பில் எழுதுவீங்கன்னும் சொல்லுங்க.