முன்னறிவிப்பு என்னும் பாதி வாக்கியம்

கவிதையும் கதையும் பேசும் இடத்தில் கடல் வானிலை அறிக்கையைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். சொற்களைப் பற்றிய கவலைதான் என்னை இங்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஓர் அறிக்கையின் ஒற்றை வரி இது: அலை உயரம் 2.5 மீட்டர், இடைவெளி 16 விநாடி, திசை தென்மேற்கு, காற்று வடகிழக்கிலிருந்து மெல்ல. இது நானே எழுதிக்கொண்ட மாதிரி வரிதான் என்றாலும், அலைச்சறுக்கு வீரர்களுக்கான முன்னறிவிப்புகள் எல்லாம் ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. நமக்கு இது இரண்டு எண்களும் இரண்டு திசைகளும். தெயாஹுபோ என்னும் ஊரின் பவளப்பாரை அறிந்தவருக்கோ இந்த ஒரு வரி போதும், அன்றிரவு உறக்கம் வராது. ஒரே வரி ஒருவருக்கு வெறும் தகவலாகவும் மற்றொருவருக்கு உயிர்க்கேள்வியாகவும் ஆவது எப்படி என்பதே நான் யோசிக்க விரும்பும் விஷயம்.

தெயாஹுபோ, தென் பசிபிக்கில் டஹிட்டித் தீவின் தென்கிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு தீபகற்பத்தின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. தீவைச் சுற்றி வரும் சாலை அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. ஊரின் பெயருக்குத் 'தலைகளின் சுவர்' என்று பொருள் சொல்கிறார்கள். கரைக்கு அப்பால் அமைதியான காயல், அதற்கும் அப்பால் பவளப்பார். மலையிலிருந்து இறங்கும் நன்னீர் விழும் இடங்களில் பவளம் வளர்வதில்லை. அப்படி உண்டான ஒரு வாயிலின் ஓரத்தில்தான் உலகின் மிகக் கொடிய அலைகளுள் ஒன்று உடைகிறது. பாருக்கு வெளியே கடலடி செங்குத்தாக இறங்கிவிடுவதால், தொலைவிலிருந்து வரும் அலை தன் வலிமையை வழியில் எங்கும் இழக்காமல் வந்து ஒரே நொடியில் பவளத்தின்மேல் மோதுகிறது. முன்னாலிருக்கும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும்போது அலையின் அடி கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அலை உடையும் இடத்தில் பவளத்தின்மேல் ஒரு மீட்டர் நீர்கூட இல்லாத நேரங்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் உள்ளூர் வீரர் ஒருவர் இந்தப் பாரில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்து இறந்தார்.

இந்த அலை டஹிட்டியில் பிறப்பதில்லை. தெற்கே, நியூசிலாந்துக்கும் கீழே, நிலமே குறுக்கிடாத பெருங்கடலில் வீசும் குளிர்காலப் புயல்களே இதன் தாய். புயல் ஓரிடத்தில் கடலைக் கிளறிவிட்டுத் தன் வழியே போய்விடும். கிளறப்பட்ட அலைகள் ஒழுங்கு பெற்று வடக்கு நோக்கிப் பயணப்படும். இரு முகடுகளுக்கு இடையே 16 விநாடி உள்ள ஓர் அலைத்தொடர் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 3500 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு மூன்று நாளுக்குச் சற்று அதிகமாகும். அலை கரைக்கு வரும் நாளில் வானம் தெளிந்திருக்கலாம், காற்றே இல்லாமலும் இருக்கலாம். பிறந்த இடத்தின் அடையாளம் எதையும் காட்டாமல் வந்து சேரும் விருந்தாளி அது.

இந்தப் பயணத்தை எண்களால் பின்தொடர முடியும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் வால்டர் மங்க். இரண்டாம் உலகப்போரின்போது ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்புடன் சேர்ந்து, படைகள் கரையிறங்கும் நாளின் அலையைக் கணிக்க அவர் வகுத்த முறை 1944-இல் நார்மண்டிக் கரையிறக்கத்தின்போதும் பயன்பட்டது. பின்னர் 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே அளவை நிலையங்களை அமைத்து, தென்கடல் புயலின் அலைகள் பூமத்தியரேகையையும் தாண்டி வட கரைவரை போய்ச் சேர்வதை அவர் குழு பதிவு செய்தது. இன்று கணினிகள் உலகக் கடல்கள் அனைத்துக்கும் நாள்தோறும் போடும் கணக்கு அந்த வழியில் வந்ததே. இது மனித அறிவின் பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்களைப் பழிக்க நான் இதை எழுதவில்லை.

ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அறிக்கையில் வரும் 'உயரம்' என்பது எந்த ஓர் அலையின் உயரமும் அன்று. வரும் அலைகளுள் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்வது வழக்கம். அன்றைய நாளில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான ஒற்றை அலையும் வரலாம். அதைப் பொய்த்த கணிப்பு என்று சொல்ல முடியாது; சராசரிக்குள் அந்த அலையும் அடங்கித்தான் இருந்தது.

அடுத்தது இடைவெளி. 10 விநாடி இடைவெளியில் வரும் இரண்டு மீட்டர் அலையின் நீளம் சுமார் 156 மீட்டர். 16 விநாடி இடைவெளியில் வரும் அதே இரண்டு மீட்டர் அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். இரண்டுக்கும் உயரம் ஒன்றுதான். ஆயினும் இரண்டாவது, முதலாவதைவிட மிக ஆழத்திலேயே கடலடியை உணர்ந்து, பாருக்கு வரும்போது எழும்பி நிற்கும். திசையும் அப்படித்தான். தெற்கிலிருந்து வரும் அலை அந்தப் பாரில் ஒழுங்காகச் சுருண்டு, வீரருக்கு வெளியேற வழி விடும். மேற்கு நோக்கித் திசை சற்றே திரும்பினால் அலை மொத்தமும் ஒரே நேரத்தில் பவளத்தின்மேல் கவிழ்ந்துவிடும். அட்டவணையில் சில பாகை வித்தியாசம். நீரில் இருப்பவருக்கு அது வெளியே வருவதற்கும் வராமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

உள்ளூர் அறிவு என்று நாம் பொதுவாகச் சொல்லிக் கடந்துபோவது இந்த இடைவெளிகளை நிரப்பும் அறிவைத்தான். டஹிட்டியில் ஒரு விந்தை உண்டு. உலகின் பெரும்பாலான கரைகளில் ஏற்றமும் வற்றமும் நிலவைப் பின்பற்றி நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நிலவின் இழுப்பு மிகக் குறைவாக வெளிப்படும் ஓரிடத்தில் டஹிட்டி அமைந்திருப்பதால், அங்கே கடல் சூரியனைப் பின்பற்றுகிறது. நண்பகலிலும் நள்ளிரவிலும் ஏற்றம், காலையிலும் மாலையிலும் வற்றம். எந்த அட்டவணையும் இல்லாமல் நிழலைப் பார்த்தே பாரின்மேல் நீர் எவ்வளவு என்று அவர்களால் சொல்லிவிட முடியும். காற்றுக்கும் அவர்களிடம் பெயர்கள் உண்டு. இரவிலும் விடியலிலும் பள்ளத்தாக்குகளிலிருந்து கடல் நோக்கி இறங்கும் குளிர்காற்று 'ஹூபே'. குளிர்மாதங்களில் தென்கிழக்கிலிருந்து மழையோடு வீசும் வன்காற்று 'மாராமு'. இந்தப் பெயர்களில் திசை, காலம், குணம், விளைவு எல்லாம் அடங்கிவிடுகின்றன. 'தென்கிழக்கு, 35 கிலோமீட்டர்' என்பதில் திசையும் வேகமும் மட்டுமே இருக்கின்றன.

இந்த வாசிப்பின் ஆழத்தை உலகம் 1976-இல் பார்த்தது. மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், ஹோகுலேஆ என்னும் இரட்டைத் தோணியை ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு எந்தக் கருவியும் இல்லாமல் செலுத்தி வந்தார். விண்மீன்களோடு, வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் அலைத்தொடர்கள் தோணியை அசைக்கும் விதமும் அவருக்கு வழிகாட்டியது. மங்க் அளவைக் கருவியில் பதிந்ததும் மாவ் உடலில் உணர்ந்ததும் ஒரே கடலின் ஒரே வகை அலைகள். மங்கிடம் எண் இருந்தது, மாவிடம் பொருள் இருந்தது என்று பிரிப்பது எளிது. ஆனால் அது சரியன்று. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புயல் எழுந்த கணத்திலேயே அதை அறிய எந்த மாலுமியாலும் இயலாது. பாரின்மேல் அந்த அலை என்ன செய்யும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. தமிழாசிரியனின் பழக்கத்தில் சொல்வதானால், எண் எழுவாய். பயனிலை அந்தந்தக் கரையில் இருக்கிறது. முன்னறிவிப்பு ஒரு பாதி வாக்கியம். வாசிப்பவர்தான் அதை முடிக்க வேண்டும்.

2011 ஆகஸ்ட் 27 அன்று தெயாஹுபோவில் அந்த வாக்கியம் இரண்டு விதமாக முடிக்கப்பட்டது. பெரும் அலைத்தொடர் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அன்றைய போட்டி ஒத்திவைக்கப்பட்டது. படகுகள் கடலில் இறங்க அதிகாரிகள் தடை விதித்தார்கள். ஆயினும் நீர் ஊர்திகளால் இழுத்துவிடப்பட்டு அலையேறும் வீரர்கள் சிலர் இறங்கினார்கள். ஒரே முன்னறிவிப்பு ஒருசாராருக்கு விலகு என்றும் மறுசாராருக்கு வா என்றும் பொருள்பட்டது. அவர்கள் அறியாமையில் இறங்கவில்லை என்பதுதான் முக்கியம். என்ன வருகிறது என்று தெரிந்தே இறங்கினார்கள்.

தெரிந்தவர்களையும் கடல் கைவிடும். பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி 2024-இல் அங்கேதான் நடந்தது. ஆகஸ்ட் 5 அன்று ஆடவர் இறுதிச்சுற்றில் டஹிட்டியின் மகன் கௌலி வாஸ்ட் தொடக்கத்திலேயே இரண்டு நல்ல அலைகளை எடுத்துவிட்டார். எதிர்த்து நின்ற ஆஸ்திரேலியாவின் ஜாக் ராபின்சன் அந்தப் பாரை நன்கு அறிந்தவர். அவருக்கு வேண்டியது இரண்டாவதாக ஒரு நல்ல அலை. கடல் அடங்கிவிட்டது. நேரம் முடியும்வரை அவர் பலகைமேல் அமர்ந்து காத்திருந்தார், அலை வரவில்லை. அடுத்த அரைமணியில் எந்த அலை, எந்த நிமிடத்தில் என்பதை எந்த முன்னறிவிப்பும் சொல்வதில்லை.

இவ்வளவு தொலைவிலிருக்கும் ஒரு பாரைப் பற்றி நாம் ஏன் அக்கறைகொள்ள வேண்டும்? காரணம், அதே வகை அலை நம் கரைக்கும் வருகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலைத்தொடர்கள் சில நாட்கள் பயணப்பட்டுக் கேரளத்தையும் குமரிக் கரையையும் தொடுகின்றன. காற்றும் மழையும் இல்லாத நாளில் கடல் திடீரென ஏறி வருவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று அழைத்தார்கள். கள்ளனைப்போல் வரும் கடல். அந்தச் சொல்லையே 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை வெளியிடுகிறது.

2024 மே 6 அன்று அத்தகைய எச்சரிக்கை அமலில் இருந்தது. அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகேயுள்ள கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கணிப்பில் தவறில்லை. தென்கடலில் பிறந்த அலையை அறிவியல் சரியாகவே பார்த்திருந்தது. ஆனால் அந்த வாக்கியத்தின் மறுபாதி, மணலில் நின்றவர்களிடம் போய்ச் சேரவில்லை. 'கள்ளக்கடல் எச்சரிக்கை' என்பதற்கு 'வெயில் அடிக்கும், கடல் சாதுவாகத் தெரியும், காலை நனைக்கக்கூட இறங்காதே' என்று பொருள் என்பதை அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

மொழியில் வேலை செய்பவர்களுக்கும் இதில் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு காற்றுகளின் பெயர்களை வகுப்பில் கற்பிக்கிறேன். மாணவர்கள் தேர்வில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். இப்போது சன்னலுக்கு வெளியே வீசுவது எது என்று கேட்டால் அறையே மௌனமாகிவிடுகிறது. கச்சான், சோழகம், நீவாடு, பார் என்று நெய்தல்நிலத்து மக்கள் இன்றும் புழங்கும் சொற்களை நாம் வட்டார வழக்கு என்று ஓரமாக வைத்துவிட்டோம். அவை ஒரு நாவலில் வந்தால் அடிக்குறிப்பு கேட்கிறோம். உண்மையில் அவை அலங்காரச் சொற்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்துத் திரட்டிய முன்னறிவிப்புகள்.

ஆகவே என் கருத்து எளியது. கடல் அறிக்கை எண்ணோடு நின்றுவிடக் கூடாது. அந்த எண் இந்தக் கரையில், இந்தப் பாறையருகில், என்ன செய்யும் என்பதை அந்தக் கரையின் சொல்லில் அது சொல்ல வேண்டும். அதை எழுதுவதற்கு அறிவியலாளரின் பக்கத்தில் ஒரு மீனவரும், இயலுமானால் மொழி அறிந்த ஒருவரும் உட்கார வேண்டும். மீனவர்களே இன்று கைப்பேசியைப் பார்த்துத்தானே கடலுக்குப் போகிறார்கள், பழைய சொற்கள் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். கைப்பேசியைப் பார்த்துவிட்டு ஒருகணம் கடலையும் பார்க்கிறார்களே, அந்த ஒருகணத்தில் அவர்கள் மனத்தில் ஓடுவது என்ன என்பதுதான் என் கேள்வி. அதற்கு அவர்களிடம் சொற்கள் இருக்கின்றன. மணலில் விளையாட வந்த பிள்ளைகளிடம் இருக்கவில்லை.

கள்ளக்கடல் என்று முதலில் சொன்னவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஒரு நாள் தோணியையோ வலையையோ இழந்துவிட்டு வந்து கரையில் நின்று சொல்லியிருக்கக்கூடும். அந்தச் சொல் உலக அறிவியல்வரை போய்விட்டது. இனி நம் வகுப்பறைக்கும் அது வந்து சேர வேண்டும்.