குடும்பத்தோட உயிருக்குக் கணக்குப் பாக்கலாமா? பாக்கணும்

போன மாசம் செம்மண்டலத்துல என் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். வருஷா வருஷம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்றவர்தான். வயசு 29, பிடித்தம் எல்லாம் போக கையில வர்றது மாசம் 85,000. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. இந்தத் தடவை ஃபார்ம் 16-ஓட சேத்து ஒரு கார் கொட்டேஷனையும் டேபிள்ல வெச்சார். ஏழு சீட் எஸ்யூவி, டாப் வேரியன்ட்.

"12 லட்சத்துல ஒண்ணு பாக்கத்தான் சார் போனேன். அங்க அந்த சேல்ஸ்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். குடும்பத்தோட உயிருக்குக் கணக்குப் பாப்பீங்களா சார்னு."

இதுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? சன்ரூஃப் வேணாம்னு சொல்லிடலாம். பெரிய ஸ்க்ரீன் வேணாம்னு சொல்லிடலாம். தானா பிரேக் போட்டு மோதலைத் தடுக்கற கார் வேணாம்னு, பக்கத்துல மனைவியும் மடியில குழந்தையும் இருக்கும்போது எந்த அப்பாவும் சொல்ல மாட்டார். அதனாலதான் அந்தக் கேள்வியைக் கேக்கறாங்க. என் தொழிலே கணக்குப் பாக்கறதுங்கறதால நான் பாத்தே ஆகணும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த அடாஸ் டெக்னாலஜி ஏமாத்து வேலை கிடையாது. முன்பக்கம் ஒரு ரேடார், விண்ட்ஷீல்டுக்குப் பின்னாடி ஒரு கேமரா. ரெண்டும் சேந்து முன்னாடி போற வண்டியோட தூரத்தையும் வேகத்தையும் கணக்குப் போடும். மோதப்போகுதுன்னா அலாரம் அடிக்கும், அப்பவும் நீங்க பிரேக்கைத் தொடலைன்னா அதுவே பிரேக் போடும். வால்வோ 2008-லயே எக்ஸ்சி60 கார்ல இந்த மாதிரி ஒண்ணைக் கொடுத்தாங்க. நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு இதைப் பேச வெச்சது 2021-ல வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700.

அந்தக் கார் எங்க மாமாகிட்ட, அதாவது அக்கா வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, அடாஸோட. தை மாசம் அறுவடை நேரத்துல சிதம்பரம் கோயிலுக்குப் போனப்ப நான்தான் ஓட்டினேன். செம்மண்டலம் சிக்னல்லேர்ந்து ஓ.டி. தாண்டி சிப்காட் வரைக்கும் அந்த க்ரூஸ் கன்ட்ரோல் ஒண்ணுத்துக்கும் ஆகலை. முன்னாடி வண்டிக்கு அது மரியாதையா இடைவெளி விடும், அந்த இடைவெளியில மூணு பைக் நுழையும், இது பயந்துபோய் இன்னும் பின்வாங்கும். அணைச்சுட்டேன். பூண்டியாங்குப்பம் தாண்டி புது நாலு வழிச்சாலையில ஏறினதும் நிஜமாவே சுகமா இருந்தது. ஒரு இடத்துல ரோட்டோரம் நெல்லு காயப்போட்டிருந்தாங்க. கோடே தெரியலை, லேன் அசிஸ்ட் என்ன பண்ணும் பாவம்.

புதுச்சத்திரம் பக்கத்துல முன்னாடி போன லோடு வண்டி திடீர்னு பிரேக் போட்டுச்சு. நான் காலை வைக்கறதுக்குள்ள அலாரம் அடிச்சு காரே பிரேக்கைப் புடிச்சிடுச்சு. மோதலை. நான் மட்டும் ஓட்டியிருந்தா மோதியிருப்பேனான்னு கேட்டா, மோதியிருக்கலாம்.

ஆனா பின் சீட்டுல இருந்த அத்தை, மாமாவோட அம்மா, பெல்ட் போடலை. "வயித்தை அமுக்குதுப்பா"ன்னு சொன்னாங்க, நானும் விட்டுட்டேன். கார் நின்ன வேகத்துல முன் சீட்டுல வந்து மோதி புருவத்துக்கு மேல மூணு தையல். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருபது லட்ச ரூபா கார்ல, எல்லா காருலயும் இருக்கற பெல்ட்டை மாட்டாம வந்த காயம் அது. அதை மாட்டச் சொல்லி வற்புறுத்தாத ஆள் நான்தான். இன்னும் அத்தை முகத்தைப் பாத்தா எனக்குச் சங்கடமா இருக்கு.

2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து ஞாபகம் இருக்கும். மகாராஷ்டிராவுல பால்கர் பக்கம், பாலத்தோட தடுப்புல மோதின மெர்சிடீஸ் ஜிஎல்சி. காசுக்கோ பாதுகாப்பு வசதிக்கோ குறைவே இல்லாத சொகுசு எஸ்யூவி. முன்னாடி இருந்த ரெண்டு பேர் பிழைச்சாங்க. பின் சீட்டுல பெல்ட் போடாம இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க.

இப்ப தம்பியோட கொட்டேஷனுக்கு வருவோம். அடாஸ் இல்லாத வேரியன்ட் ஷோரூம் விலை 19.5 லட்சம், அடாஸோட 21.5 லட்சம். "ரெண்டு லட்சம்தானே சார் வித்தியாசம்"னார். இல்லை தம்பி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து சாலை வரி 10 லட்சத்துலேர்ந்து 20 லட்சம் வரைக்குமான காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினா 20 சதவீதம். வருமான வரி ஸ்லாப் மாதிரி தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். 19.5 லட்சத்துக்கு 3,51,000, 21.5 லட்சத்துக்கு 4,30,000. அதுலயே 79,000 கூடிப்போச்சு. இன்சூரன்ஸையும் சேத்தா அந்த ரெண்டு லட்சம் கிட்டத்தட்ட மூணு லட்சம். அதை 9 சதவீத வட்டிக்கு ஏழு வருஷக் கடனா எடுத்தா மாசம் 4,827, மொத்தம் கட்டறது நாலு லட்சத்துக்கு மேல. சம்பளக்காரருக்கு இந்த வட்டிக்கு ஒரு ரூபா வரிச்சலுகையும் கிடையாது. (10 லட்சத்துக்கு மேல கார் வாங்கினா ஷோரூம்ல 1 சதவீதம் டிசிஎஸ் புடிப்பாங்க. அது உங்க காசு, ரிட்டர்ன்ல கேட்டு வாங்கிக்கணும். கேக்காம விடறவங்களை வருஷா வருஷம் பாக்கறேன்.)

மொத்தக் கணக்கு இன்னும் மோசம். 20 லட்சம் கடன்னா இ.எம்.ஐ. 32,178. கைக்கு வர்ற 85,000-ல 38 சதவீதம். எஸ்யூவிக்கு ஜிஎஸ்டி, செஸ் சேத்து 50 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர்ல 40 ஆச்சு, அதனால மலிவா கிடைக்குதுன்னு ஒரு பேச்சு ஓடுது. 40 சதவீதம் வரி கட்டற பொருளை மலிவுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அஞ்சாவது வருஷ பாலிசியில காரோட ஐடிவி பாதியா இருக்கும், கடன் பாக்கி அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் ஓடும்.

அந்த சேல்ஸ்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. 2021 நவம்பர்ல எக்ஸ்யூவி 700 குளோபல் என்கேப் சோதனையில பெரியவங்க பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்குச்சு, குழந்தைங்களுக்கு 4. விளம்பரத்துல பாத்திருப்பீங்க. அவங்க மோதிப் பாத்தது டாப் வேரியன்டை இல்லை. ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ், குழந்தை சீட் மாட்டற ஐசோஃபிக்ஸ் கொக்கி மட்டும் இருந்த அடிப்படை வேரியன்டை. மோதினப்புறம் உயிரைக் காப்பாத்தறது பெரும்பாலும் காரோட உடம்பும் பெல்ட்டும் ஏர்பேக்கும். அது கீழ் வேரியன்ட்லயே வந்துடுது. மேல கொடுக்கற காசு மோதல் நடக்காம இருக்கற வாய்ப்பைக் கூட்டறதுக்கு. அதுக்கு மதிப்பு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா காசு கம்மியா இருக்கும்போது எது முதல்லங்கறதுதான் கேள்வி. அந்த வசதியும் கீழ இறங்கிட்டே வருது. 2024 டிசம்பர்ல வந்த ஹோண்டா அமேஸ்ல, பத்து லட்சத்தை ஒட்டின ஷோரூம் விலையிலயே அடாஸ் இருந்தது.

தம்பிகிட்ட வேற ஒண்ணு கேட்டேன். "தினமும் வேலைக்கு எதுல போறீங்க?"

"பைக்லதான் சார்."

"கார் வாங்கினப்புறம்?"

கொஞ்சம் யோசிச்சுட்டு, "டீசல் கட்டுபடியாகாது சார், பைக்தான்"னார். சாயங்காலம் மனைவியை டியூட்டி முடிஞ்சு கூட்டிட்டு வர்றதும், பாப்பாவை முன்னாடி டேங்க் மேல உக்கார வெச்சு சில்வர் பீச் போறதும் பைக்லதான். கார் ஞாயித்துக்கிழமை சாமான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல நாட்டுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. ஹெல்மெட் போடாம இறந்தவங்க மட்டும் 50,029. விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. இந்தக் குடும்பத்துக்கு ஆபத்து வாரத்துல ஆறு நாள் பைக்ல இருக்கு. காசு முழுக்க ஞாயித்துக்கிழமை காருக்குப் போகுது.

நாலு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தையை டூவீலர்ல கூட்டிட்டுப் போனா சேஃப்டி பெல்ட்டும் குழந்தை சைஸ் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாதுன்னு 2023 பிப்ரவரிலேர்ந்து சட்டமே இருக்கு. தம்பிக்கு அது தெரியாது. அவர் மனைவிக்கு ஹெல்மெட்டே இல்லை. டேர்ம் இன்சூரன்ஸ்? "ஆபீஸ்ல குரூப் பாலிசி இருக்கு சார்." வேலையை விட்டா அதுவும் போயிடும். அவர் வயசுல, உடம்புல ஒண்ணும் பிரச்னை இல்லைன்னா, ஒரு கோடி ரூபா டேர்ம் பாலிசிக்கு ஒரு வருஷம் கட்டறது இந்தக் காரோட ஒரு மாச இ.எம்.ஐ.-யைவிடக் கம்மி. தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியையும் 2025 செப்டம்பர்ல எடுத்துட்டாங்க. அவர் இல்லாமப் போனா 32,178 ரூபாயை அவர் மனைவி எங்கேர்ந்து கட்டுவாங்க? நான் அந்தக் கேள்வியைக் கேட்டப்ப அவர் முகம் மாறிப்போச்சு. கேட்டிருக்க வேணாமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா குடும்ப உயிரை வெச்சு ஷோரூம்ல கேள்வி கேக்கலாம்னா, ஆடிட்டர் ஆபீஸ்லயும் கேக்கலாம்.

நான் சொன்ன வரிசை இதுதான். இந்த வாரமே ரெண்டு நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட், பாப்பாவுக்கு ஹெல்மெட், சேஃப்டி பெல்ட். இந்த மாசத்துக்குள்ள டேர்ம் பாலிசி. ஆறு மாச செலவுக்கு எஃப்.டி. இதெல்லாம் ஆனப்புறம் கார். கார்ல க்ராஷ் டெஸ்ட் ரேட்டிங், ஆறு ஏர்பேக், ஈஎஸ்சி, பின் சீட்டுல மூணு பேருக்கும் மூணு பாயிண்ட் பெல்ட். இ.எம்.ஐ. 15,000-ஐத் தாண்டாம அடாஸும் கிடைச்சா தாராளமா வாங்குங்க. ஒன்றரை லட்சம் சம்பளம், வேற கடன் இல்லை, வாரம் ரெண்டு தடவை சென்னைக்கு ஹைவேல ஓட்டறவர்னா நானே டாப் வேரியன்டைத்தான் எடுக்கச் சொல்லுவேன். எடுத்தா ஜீரோ டெப் பாலிசியும் சேத்து எடுங்க. அது இல்லைன்னா பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பார்ட்ஸுக்கு க்ளெய்ம்ல பாதிதான் வரும்.

தம்பி இன்னும் முடிவு பண்ணலை. கொட்டேஷனை என் டேபிள்லயே விட்டுட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பினார், பாப்பா தலையில ஒரு மஞ்சள் கலர் ஹெல்மெட். அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு ஷோரூம் போறாராம், இந்தத் தடவை 12 லட்சத்துக்குள்ள பாக்க. குழந்தை சீட் ஒண்ணைக் கேட்டு வாங்கி, பின் சீட்டுல மாட்டிப் பாத்துட்டு, அப்பாவைப் பெல்ட் போட்டு அதுக்குப் பக்கத்துல உக்கார வெச்சுப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன்.