காட்சி ஒன்று, கண்கள் பல

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலுக்குத் தமிழ்த்துறை மாணவர்களை அழைத்துச் செல்ல முனைந்தபோது, பெரியவர் ஒருவர், “சமணர் குகையில் நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை?” என வினவினார். அக்கறையால் எழுந்த வினாவே. எனினும் விடை கூறுதல் கடமையாகும்.

அறிவர் கோயில் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் திளைக்க, சிலர் மலர் கொய்கின்றனர். அயல்நாட்டார் பலர் அதனை இனிய இயற்கைக் காட்சியாகக் கண்டு மகிழ்வர். சமண அன்பர்க்கோ அது தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தின் ஒரு பகுதி; மலர் கொய்வோர் வீடுபேற்றிற்குரிய பவ்வியர். தமிழ் மாணவர் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டுப் பாடலை நாடுவர்.

நமக்கு அங்கே வழிபாடு இல்லை, கல்வி உண்டு. அரபு நாட்டின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடிய உமறுப்புலவர், அம்மரபைக் கற்றதனால் தம் நெறியில் வழுவினாரல்லர். திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசலுக்குப் பிற சமயத்தாரும் பணிவுடன் வருகின்றனர். அவர்கள் நமக்களிக்கும் மதிப்பை நாமும் பிறர் இடத்துக்கு அளித்தல் முறையன்றோ?

மாணவர்க்கும் ஒரு சொல். ஏழடிப்பட்டத்தில் ஏறத்தாழ 2000 ஆண்டுத் தொன்மையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகள், துறவி ஒருவருக்குச் செய்தளித்த இருக்கையைக் குறிக்கின்றன. அங்கே பிற்காலத்தார் கீறிய பெயர்கள் எக்கொடையைக் கூறும்? எக்கண்ணால் வேண்டுமாயினும் காண்க. கையால் மட்டும் சிதையற்க!