ஒரே கம்பியை நம்பியா தோட்டங்கள் வாழ்வது?

2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது நாட்டின் பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே ஓய்ந்தன. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கிறது. அது லயத்தை அடையும் வழி அறுந்துகிடந்தால் எச்சரிக்கையால் யாது பயன்? மழை இயற்கையின் செயல்; ஒரே வழியை அமைத்துவிட்டு உறங்குவதோ ஆட்சியாளரின் செயல்!

நாடு தனக்கென்று செய்துகொண்டதைப் பாருங்கள். கொழும்பில் ஒரு கடலடி வடம் இறங்குகிறது. மாத்தறையில் வேறொன்று இறங்குகிறது. ஒன்று பழுதுற்றால் மற்றது தாங்கும். தலைநகரின் பெருநிறுவனங்களும் இருவரிடம் இணைய இணைப்பு வாங்கி வைத்துக்கொள்கின்றன. பணத்துக்கு இரண்டு வழி. தெரணியகலையிலும் இறக்குவானையிலும் உழைக்கும் மனிதனுக்கு ஒன்றா? இதுவோ சமநீதி?

“ஒன்றே ஒழுங்காயில்லாத தோட்டத்துக்கு இரண்டு எதற்கு?” என்பர் சிலர். ஒன்று ஒழுங்காயில்லாத இடத்துக்கன்றோ இரண்டாவது வேண்டும்! லயம்தோறும் கேட்கவில்லை, பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் கேட்கிறோம். இரண்டாவது இணைப்பு பெரிதாயிருக்கத் தேவையில்லை. முதலாவது வீழ்ந்த வேளையில் விழித்திருந்தால் போதும். ஒன்று ஓய்ந்ததும் மற்றதற்குத் தானே மாறும் ரவுட்டர் இன்று கடைச்சரக்கு.

ஆயினும் பெயரைக் கண்டு ஏமாறற்க! இரு நிறுவனங்களின் கருவிகளும் ஒரே கோபுரத்தில் நின்று ஒரே மின்சாரத்தை நம்பினால், இரண்டும் ஒன்றாகவே சாயும். ஒன்று பைபர் கம்பியாயின் மற்றது வானலையாகவோ, 2025 யூலையில் இங்கு தொடங்கிய ஸ்டார்லிங்க் போன்ற செய்மதிச் சேவையாகவோ இருத்தல் வேண்டும். பற்றரியும் உடனிருத்தல் வேண்டும்.

இதை யாரிடம் கேட்பது? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், நம்பத்தகுந்த சேவையை உறுதிசெய்யும் கடமையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தலையில் சுமத்தியிருக்கிறது. கிராமப்புறச் சேவையும் அவசர சேவையும் அதனுள் அடங்கும். தோட்டத்துக்குச் செலவிடப் பிரதேச சபைக்கு அதிகாரமில்லை என்ற பழைய சாக்கும் 2018ஆம் ஆண்டின் திருத்தத்தோடு ஒழிந்தது. இனி எந்தத் திரையின் பின் ஒளிவார்கள்?

ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, கொழுந்து விற்று வாழும் சிறு தோட்டக்காரர்களே! அடுத்த பருவமழைக்குமுன் உங்கள் பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள்: எம் பாடசாலைக்கு எத்தனை வழி? அவை ஒரே கோபுரத்தில் முடிகின்றனவா? பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். மறுத்தால் அந்தத் தாளோடு ஆணைக்குழுவின் வாசலுக்குச் செல்வோம். நாம் கேட்பது சலுகையன்று; சட்டம் முன்னரே ஒப்புக்கொண்ட கடன்!